சிம்மாசனம் சியோலில்

விண்வெளிப் பேரரசுக் கதைகளை விரும்பிப் படிப்பவர்களுக்கு ஒன்று பழகிப்போயிருக்கும். ஆயிரக்கணக்கில் கோள்கள், ஒளியை மிஞ்சும் கப்பல்கள், ஆயுளை நீட்டும் மருந்து எல்லாம் வரும். ஆனால் கதை நகர்வது என்னவோ, கிழவர் கண்ணை மூடியபின் மூத்தவனா இளையவனா என்ற கேள்வியில்தான். ஃப்ராங்க் ஹெர்பர்ட் 1965இல் வெளியிட்ட ‘ட்யூன்’ நாவலில் இன்னொரு நுட்பமும் உண்டு. பேரரசரும் பெருங்குடும்பங்களும் ஒரே வணிக நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பார்கள். வாளும் வம்சமும் மேலே தெரிவது. கீழே இருப்பது பங்குக் கணக்கு. பேரரசைத் தோண்டினால் கம்பெனி கிடைக்கும் என்று காட்டியவர் அவர். ஹூண்டாய் கார் ஆலை இருக்கும் இருங்காட்டுக்கோட்டையில் நின்று பார்க்கும்போது எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. இங்கே கம்பெனியைத் தோண்டினால் பேரரசு கிடைக்கிறது. அந்தப் பேரரசில் சகோதர யுத்தமும் நடந்திருக்கிறது, ஏறக்குறைய பதினோரு ஆண்டுகள்.

ஹூண்டாய் குழுமத்தை நிறுவிய சுங் ஜுயுங் 1915இல், இன்று வட கொரியாவில் இருக்கும் ஒரு கிராமத்தில், ஏழை விவசாயியின் மகனாகப் பிறந்தவர். அப்பா மாடு விற்று வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு ஓடிய பையன். 1998இல், எண்பதைத் தாண்டிய வயதில், லாரிகளில் மாடுகளை ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டி வடக்கே போனார். ஜூனில் 500 மாடுகள், அக்டோபரில் 501. களவாடிய ஒரு மாட்டுக்கு ஆயிரம் மாடு வட்டி. இரண்டு மாட்டு ஊர்வலங்களுக்கும் நடுவில், அதே ஆண்டு செப்டம்பரில், இருங்காட்டுக்கோட்டையில் செய்த சான்ட்ரோ கார் சந்தைக்கு வந்தது. ஆசிய நிதி நெருக்கடியில் கொரியாவே சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் வாங்கி நின்ற காலத்தில் கட்டி முடித்த ஆலை அது.

கார் கம்பெனியை வளர்த்தவர் ஜுயுங் அல்ல; அவருடைய தம்பி சேயுங். 1967இல் தொடங்கிய கம்பெனியை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தி, போனி என்ற முதல் சொந்தக் காரைக் கொண்டுவந்தவர். கொரியாவில் அவரை ‘போனி சுங்’ என்றே சொல்வார்கள். 1999இல் அண்ணன் அவரைக் கூப்பிட்டு, கம்பெனியைத் தன் மகன் மோங்கூவிடம் விட்டுவிடச் சொன்னார். தம்பி விட்டுவிட்டார். பதிலுக்கு ஒரு கட்டுமான நிறுவனம் கிடைத்தது. சண்டை போடாத இந்தத் தம்பியை யாரும் கதையாக எழுதுவதில்லை.

கதையாக எழுதப்பட்டது அடுத்த தலைமுறை. ஜுயுங்குக்கு எட்டு மகன்கள். மூத்தவர் 1982இல் கார் விபத்தில் போய்விட, இரண்டாமவர் மோங்கூ மூத்தவரின் இடத்தில் நின்றார். ஐந்தாமவர் மோங்ஹுன் அப்பாவின் செல்லம். வட கொரியக் கனவில் அப்பாவோடு கூடவே நின்றவர். 2000 மார்ச்சில் தம்பி வெளிநாடு போயிருந்த நேரம் பார்த்து, தம்பியின் வலக்கையாக இருந்த நிதி நிறுவனத் தலைவரை அண்ணன் வேறு இடத்துக்குத் தூக்கியடித்தார். ஊர் திரும்பிய தம்பி அந்த உத்தரவைப் புரட்டினார். குழுமத்தின் இணைத் தலைவர் பதவியிலிருந்து அண்ணனே நீக்கப்பட்டார். கடைசியில் கிழவரையே கூட்டத்துக்கு அழைத்துவந்து, மோங்ஹுன்தான் தலைவர் என்று அவர் வாயால் சொல்லவைத்தார்கள். மே கடைசியில் கிழவர் இன்னொரு அறிவிப்புச் செய்தார்: நான், மோங்கூ, மோங்ஹுன் மூவரும் நிர்வாகத்தை விட்டு விலகுகிறோம். மோங்கூ மறுத்துவிட்டார். அப்பா பேச்சைத் தட்டிய அந்த நாளில்தான் இன்றைய ஹூண்டாய் மோட்டார் பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை. செப்டம்பரில் கார் கம்பெனிகள் தனிக் குழுமமாகப் பிரிந்தன.

கொரியப் பத்திரிகைகள் இதற்கு ‘இளவரசர்களின் கலகம்’ என்று பெயர் வைத்தன. 1392இல் ஜோசன் வம்சத்தை நிறுவிய அரசரின் மகன்கள் 1398இலும் 1400இலும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட கதையின் பெயர் அது. அந்தச் சண்டையில் ஐந்தாம் மகன் ஜெயித்து அரசனானான். இந்தச் சண்டையிலும் ஐந்தாம் மகன் ஜெயித்ததாகத்தான் முதலில் தோன்றியது. குழுமம், கட்டுமானம், கப்பல், சிப் தொழிற்சாலை, வடக்கே கும்காங் மலைச் சுற்றுலா எல்லாம் அவர் பக்கம். கூடவே கடனும் அவர் பக்கம். 2001 மார்ச்சில் அப்பா இறந்தார். அந்த ஆண்டே கட்டுமான நிறுவனம் கடன்காரர்கள் கைக்குப் போனது. சிப் தொழிற்சாலை ஹைனிக்ஸ் என்று பெயர் மாறிக் கைநழுவியது. 2000 ஜூனில் நடந்த இரு கொரியாக்களின் உச்சி மாநாட்டை ஒட்டி வடக்கே ரகசியமாகப் போன சுமார் 50 கோடி டாலர் பற்றி விசாரணை வந்தது. 2003 ஆகஸ்ட் 4 அன்று மோங்ஹுன், சியோலில் ஹூண்டாய் கட்டடத்தின் பன்னிரண்டாம் மாடியிலிருந்து விழுந்து உயிரை விட்டார்.

யுத்தம் அதோடு முடியவில்லை. அதுவரை தொழில் பக்கம் வராத அவர் மனைவி ஹியுன் ஜியோங்உன் தலைவராக வந்து உட்கார்ந்தார். முதலில் கணவரின் சித்தப்பா பங்குகளை வாங்கிக் குவித்துக் குழுமத்தைப் பிடிக்கப் பார்த்தார். 2006இல் கப்பல் கம்பெனிப் பங்குகளோடு ஒரு கொழுந்தன் வந்தார். 2010இல் கடன்காரர்கள் கட்டுமான நிறுவனத்தை விற்க வந்தபோது ஹியுன் 5.5 லட்சம் கோடி வோன் கேட்டு முதலிடம் பிடித்தார். அந்தப் பணத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்று கேள்வி கிளம்பி, ஒப்பந்தம் ரத்தாகி, 2011இல் மோங்கூவின் கார் குழுமமே அதை வாங்கிக்கொண்டது. அப்பா முதலில் கட்டிய வீடு மாதிரி அந்தக் கட்டுமான நிறுவனம். அதை மீட்டால்தான் மூத்தவன் என்று ஊர் ஒப்பும். நடுவில், கம்பெனிப் பணத்தைக் கையாடிய வழக்கில் மோங்கூவுக்கு 2007இல் மூன்றாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, அது நிறுத்திவைக்கப்பட்டு, 2008இல் மன்னிப்பும் கிடைத்தது. ஜெயித்தவன் கதையில் இதையெல்லாம் அடிக்குறிப்பில் போடுவார்கள்.

இத்தனையும் நடந்தபோது இருங்காட்டுக்கோட்டையில் என்ன நடந்தது? கார் வந்துகொண்டிருந்தது. விடிவதற்கு முன்பே சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டிலும் பெரும்புதூர் பஸ் ஸ்டாண்டிலும் கம்பெனி பஸ்ஸுக்குப் பையன்கள் நிற்பார்கள். கழுத்தில் ஐடி கார்டு, கையில் டிபன் பை, காதில் வயர். ஃபர்ஸ்ட் ஷிப்ட் போகிறவன் தூங்கிக்கொண்டே ஏறுவான். நைட் ஷிப்ட் முடித்தவன் தூங்கிக்கொண்டே இறங்குவான். இவர்களிடம் போய் உங்கள் பேரரசில் உள்நாட்டுப் போர் என்று சொல்லியிருந்தால், “ஓட்டி இருக்கா இல்லையா, அதச் சொல்லுங்க சார்” என்றிருப்பார்கள்.

ஆனால் அந்தப் போரின் முடிவு அவர்கள் தலையெழுத்தைத் தொட்டிருக்கிறது. கார் கம்பெனி பிரிந்துபோகாமல் கட்டுமானக் கடனோடும் ஹைனிக்ஸ் நஷ்டத்தோடும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அதே காலத்தில் ஒரு பதில் கிடைத்தது. டேவூ என்ற இன்னொரு கொரியப் பேரரசு சரிந்து, அதன் கார் கம்பெனி 2000 நவம்பரில் திவாலானது. சான்ட்ரோவுக்குப் போட்டியாக மாட்டீஸ் காரைச் செய்துகொண்டிருந்த அதன் இந்திய ஆலை உத்தரப் பிரதேசத்தில் சூரஜ்பூரில் இருந்தது. சில ஆண்டுகளில் அங்கே கதவைச் சாத்திவிட்டார்கள். சூரஜ்பூர் தொழிலாளி எந்தத் தப்பும் செய்யவில்லை. இருங்காட்டுக்கோட்டைத் தொழிலாளி எந்தச் சாமர்த்தியமும் காட்டவில்லை. மூத்தவன் அப்பா பேச்சைத் தட்டியதால் 2008இல் இங்கே இரண்டாவது ஆலை வந்தது என்று ஒரு கோடு போடலாம். கோடு கொஞ்சம் கோணலாக இருக்கும், ஆனால் பொய்யாகாது.

பெரும்புதூருக்கே சூரஜ்பூர் அனுபவம் பிறகு வந்தது. நோக்கியா கதையில் அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை, வெறும் பாகப்பிரிவினை. கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்றபோது, வரி வழக்கில் சொத்து முடக்கப்பட்டிருந்ததால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனைக்குள் வரவில்லை. வாங்கியவருக்கும் சொந்தமில்லை, விற்றவருக்கும் வேண்டாம் என்று நடுவில் நின்று, 2014 நவம்பர் 1 அன்று நின்றே போனது. பேரரசை இரண்டாகக் கிழித்தபோது எந்தப் பாதியிலும் சேராத கோள். அங்கே பெரும்பாலும் வேலை பார்த்தவர்கள் சுற்றுவட்டாரத்து இளம்பெண்கள். விண்வெளிக் கதைகளில் இவர்களுக்கு ஒரு வரி கிடைக்குமா என்று யோசித்திருக்கிறேன். எதிரிக் கப்பல் ஒரு கோளைக் கடந்துபோகும்போது கீழே தெரியும் வெளிச்சப் புள்ளிகளாக வருவார்கள்.

பங்காளிச் சண்டை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஒரகடத்திலிருந்து படப்பை பக்கம் போனால் மணிமங்கலம். இன்று அங்கே ராஜகோபாலப் பெருமாள் கோயிலும், சுற்றிலும் மனை விற்கும் பலகைகளும் இருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியை நோக்கி வந்த இரண்டாம் புலிகேசியை நரசிம்மவர்மப் பல்லவன் மடக்கிய இடங்களில் இதுவும் ஒன்று. கூரம் செப்பேடு பெயர் சொல்கிறது. ‘சிவகாமியின் சபதம்’ படித்தவர்களுக்குப் புலிகேசி என்றதும் அச்சாக அவனைப்போலவே இருக்கும் நாகநந்தி அடிகள் ஞாபகத்துக்கு வருவார். அந்தச் சகோதரன் கல்கியின் கற்பனை. வரலாற்றில் புலிகேசிக்கு இருந்த தம்பி குப்ஜ விஷ்ணுவர்தனன். சித்தப்பன் மங்களேசனோடு மோதி அரியணையைப் பிடித்த புலிகேசிக்குப் பங்காளிப் பகை எப்படி இருக்கும் என்று நன்றாகவே தெரியும். அதனாலோ என்னவோ, தம்பி கேட்கும்வரை காத்திராமல் வேங்கி நாட்டை அவனுக்குத் தனியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டான். அண்ணன் கட்டிக்காத்த வாதாபியை 642 வாக்கில் பல்லவன் கொளுத்தினான். பிறகு புலிகேசியின் மகன்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, விக்கிரமாதித்தன் மீட்பதற்குள் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. தம்பி வழியோ நானூறு ஆண்டு தாண்டி நின்றது. அந்த வழியில் வந்தவன்தான் 1070இல் சோழ அரியணையில் ஏறிய முதலாம் குலோத்துங்கன்.

காலத்தில் பிரித்துக் கொடுத்தால் குடும்பம் பிழைக்கும் என்று இதிலிருந்து நியாயம் பேசலாம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு உறுத்துவது வேறு. போர் நடந்த ஊருக்குச் செப்பேட்டில் பெயர் மட்டும் கிடைத்தது. மணிமங்கலத்து வயலில் அன்றைக்கு என்ன பயிர் நின்றது, யாருடைய மாடு ஓட்டிப்போகப்பட்டது என்பதற்குச் செப்பேட்டில் இடமில்லை. யாருக்கு எவ்வளவு என்ற சண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, யாரெல்லாம் கணக்கிலேயே சேரவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். பங்காளிச் சண்டையின் சத்தமே அதற்குத்தானோ என்றுகூடச் சில நேரம் தோன்றும்.

இந்தப் பகுதியில் சிப்காட் வந்ததிலிருந்து நடந்த யுத்தங்களைச் சொல்கிறேன். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், மாம்பாக்கம், ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் என்று தொழிற்பூங்காக்கள் பரவிய ஒவ்வொரு ஊரிலும் வீட்டுக்கு வீடு ஒரு இளவரசர் கலகம் உண்டு. ஏரிப் பாசனத்தில் ஒருபோகம் நெல்லும் மானாவாரியில் வேர்க்கடலையும் விளைந்த நிலத்தை அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சாகப் பிரித்து உழுதுகொண்டிருந்தார்கள். வரப்புதான் பத்திரம். பட்டா தாத்தா பெயரிலேயே நிற்கும், அல்லது கூட்டுப் பட்டாவாக. நில எடுப்பு நோட்டீஸ் வந்தவுடன்தான் தாய்ப்பத்திரம் எங்கே, வில்லங்கச் சான்று எங்கே, வாரிசுச் சான்று எங்கே என்று டிரங்குப் பெட்டிகள் திறக்கப்பட்டன. பங்கில் தகராறு என்று ஒருவர் மனு கொடுத்தால் போதும்; இழப்பீட்டுத் தொகை நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் வாய்தா. நிலத்தின்மேல் கம்பெனி எழும்பி, கம்பெனியின் முதல் பேட்ச் பையனுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்திருக்கும். அண்ணன் தம்பி இன்னும் வக்கீல் ஆபீஸ் பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தச் சண்டையில் அண்ணனும் தம்பியும் சட்டென்று ஒன்றாகிவிடும் ஒரு தருணம் உண்டு. அது அக்காவோ தங்கையோ கையெழுத்துப் போட வரும் நாள். 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு கொடுத்தது; 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணமாகிப் போனவர்களை மட்டும் விலக்கியது. 2005இல் மத்தியச் சட்டமும் வந்தது. ஆக, பெண்ணின் கையெழுத்து இல்லாமல் பணம் நகராது. அதற்குத்தான் விடுதலைப் பத்திரம். பத்திரப்பதிவு ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு காரில் அந்த அம்மாளை உட்காரவைத்திருப்பார்கள். ஜூஸ் வாங்கிக் கொடுப்பார்கள். இரண்டு வருஷமாகப் பேசாத அண்ணனும் தம்பியும் அன்றைக்கு ஒரே வண்டியில் வந்திருப்பார்கள்.

“எதுக்குண்ணா இது?” என்பாள்.

“ஒண்ணுமில்லம்மா, ஆபீசுல கேக்கறாங்க. உனக்குத்தான் அப்பாவே எல்லாம் செஞ்சு அனுப்பிட்டாரே. கை வெச்சிட்டு வா, நேரா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டுப் போவலாம்.”

கட்டைவிரலில் ஒட்டிய மையைத் தலையில் தேய்த்துக்கொண்டே அவள் இறங்கி வருவாள். சாப்பாடு உண்மையிலேயே நன்றாக இருக்கும். இதற்கும் கீழே இன்னொரு வரிசை. குத்தகைக்கு உழுதவர், நடவுக்கும் களையெடுப்புக்கும் வந்தவர்கள். பட்டா இல்லாதவருக்கு நோட்டீஸ் வருவதில்லை. பறையர் மக்களுக்கு நிலம் வேண்டும் என்று 1891இல் அறிக்கை எழுதிய ட்ரெமன்ஹீர், இந்தப் பகுதி அன்று சேர்ந்திருந்த செங்கல்பட்டு மாவட்டத்து ஆட்சியர்தான். அதன்படி கொடுத்த பஞ்சமி நிலத்தில் எவ்வளவு இன்று யார் கையில் இருக்கிறது என்பதைக் கேட்டால் எந்த ஊரிலும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

சுங்குவார்சத்திரத்தில் ஆலை வைத்திருக்கும் சாம்சங்குக்கும் ஒரு பங்காளிக் கதை இருக்கிறது. நிறுவனர் லீ பியோங்சுல் 1987இல் இறந்தபோது மூத்த மகன் மேங்ஹீயைத் தாண்டி மூன்றாம் மகன் குன்ஹீ பட்டத்துக்கு வந்தார். இருபத்தைந்து ஆண்டு கழித்து, 2012இல், அப்பா வேறு பெயர்களில் மறைத்து வைத்திருந்த பங்குகளில் தனக்கும் உரிமை உண்டென்று மூத்தவர் வழக்குப் போட்டார். அண்ணனுக்கு வயது எண்பது, தம்பிக்கு எழுபது. ஒரு சகோதரியும் வழக்கில் சேர்ந்தார். இரண்டு நீதிமன்றத்திலும் தோற்று, 2014இல் மூத்தவர் விட்டுவிட்டார். மறு ஆண்டு சீனாவில் இறந்தார். குன்ஹீயின் மகன் ஜேயோங் 2020 மே மாதம் பொதுவில் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். ஒரே அறிக்கையில் இரண்டு வாக்குறுதி: நிர்வாகத்தை என் பிள்ளைகளுக்குக் கொடுக்கமாட்டேன், இனி சாம்சங்கில் சங்கம் கூடாது என்ற பேச்சு இருக்காது. வாரிசும் சங்கமும் ஒரே மூச்சில் வந்ததை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. உரிமை கேட்டு வாசலில் நிற்கக்கூடியவர்கள் இரண்டே வகை என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்கிறது.

நான்கு ஆண்டு கழித்து, 2024 செப்டம்பர் 9 அன்று, சுங்குவார்சத்திரம் ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினார்கள். 37 நாள். பந்தல் போட்டார்கள், பந்தல் பிரிக்கப்பட்டது, கைதும் நடந்தது. சம்பள உயர்வைவிட அதிகம் இழுத்தது சங்கத்தின் பதிவு. நிர்வாகத்தின் ஆட்சேபணைகளில் ஒன்று, சங்கத்தின் பெயரில் சாம்சங் என்ற சொல் வரக்கூடாது என்பது. அது எங்கள் வணிகப் பெயர் என்றார்கள். வீட்டுப் பெயரை யார் இனிஷியலாக வைத்துக்கொள்ளலாம் என்கிற தகராறு. ஹூண்டாய் குழுமமா, ஹூண்டாய் மோட்டார் குழுமமா, எது உண்மையான ஹூண்டாய் என்று சியோலில் நடந்த சண்டைக்கு இது குறைந்ததல்ல. உயர் நீதிமன்றம்வரை போய், 2025 ஜனவரியில் சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம் அந்தப் பெயரிலேயே பதிவானது. மேங்ஹீக்குக் கிடைக்காத ஒன்று இவர்களுக்குக் கிடைத்தது.

வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்த 2024 அக்டோபர் 15 அன்றுதான் ஹூண்டாய் மோட்டார் இந்தியாவின் பங்கு வெளியீடு திறந்தது. 27,870 கோடி ரூபாய். அதுவரை இந்தியா கண்டதிலேயே பெரியது. புதிதாக ஒரு பங்கும் வெளியிடவில்லை. தாய் நிறுவனம் தன் கையிருப்பில் 17.5 சதவீதத்தை விற்றது, பணம் முழுக்க சியோலுக்குப் போனது. ஒரு வாரம் கழித்து மும்பையில் மணியடித்துத் தொடங்கிவைத்த விழாவுக்கு மோங்கூவின் மகன் யூய்சுன் நேரில் வந்தார். 2020 முதல் அவர்தான் தலைவர். அவருக்குச் சண்டை போட அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை, ஒரே மகன். மூன்று அக்காக்கள் இருக்கிறார்கள்.

ஊழியர்களுக்கென்று சுமார் 7.78 லட்சம் பங்குகளை ஒதுக்கி, 1,960 ரூபாய் விலையில் பங்குக்கு 186 ரூபாய் தள்ளுபடியும் கொடுத்திருந்தார்கள். செபி விதிப்படி ஊழியர் என்றால் நிரந்தர ஊழியர். டிரெய்னியாகவோ கான்ட்ராக்டிலோ அதே ஷெட்டில், அதே லைனில், இரண்டடி தள்ளி நிற்கிறவர் இந்த வரிசையில் வரமாட்டார். அவரும் வாங்கக்கூடாது என்று ஒன்றுமில்லை. ஊரில் யாரும் வாங்குவதுபோல, குறைந்தபட்சம் ஏழு பங்கு, தள்ளுபடி கிடையாது, 13,720 ரூபாய் கட்டி விண்ணப்பித்திருக்கலாம்.